அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்து! தெரியுமா?

1999 அக்டோபர் 13. அமெரிக்காவில் ஒரே நாளில் ஐந்து மாநிலங்களில் சுமார் 60 இடங்களில் சோதனை! எஃப்.பி.ஐ.யும் வருமான வரித் துறையும் சேர்ந்து கிட்டத்தட்ட 400 அதிகாரிகள்! எதைத் தேடி? போதைப்பொருளா? இல்லை! துப்பாக்கியா? அதுவும் இல்லை! விளையாட்டு வீரர்கள் கையெழுத்திட்ட பந்து, மட்டை, ஜெர்சி, புகைப்படம்!

சிக்கிய குவியலில் கிடந்த ஒரு பொருளைச் சொன்னால் சிரிப்பீர்கள். அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்து! ஆமாம், கொல்கத்தாவின் அதே அன்னை தெரசா! வீரர்களின் பெயர்களை எழுதி எழுதி அலுத்துப்போன கை, நோபல் பரிசு பெற்றவர் பக்கம் தாவிவிட்டது போலிருக்கிறது!

இந்த வேட்டையின் பெயர் ‘ஆபரேஷன் புல்பென்’. மையம், கலிஃபோர்னியாவின் சான் டியேகோ வட்டாரம். விசாரணைக்குக் கைகொடுத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? சான் டியேகோ பாட்ரேஸ் அணியின் நட்சத்திரம் டோனி குவின்! தன் அணியின் கடையிலேயே தன் ‘கையெழுத்து’ விற்பனைக்கு இருப்பதைப் பார்த்தார். அது அவர் போட்டதே இல்லை!

எஃப்.பி.ஐ. போட்ட வேடம் அதைவிட சுவாரசியம். ‘நிஹோன் டிரேடிங் கம்பெனி’ என்று ஒரு நிறுவனத்தைத் திறந்தார்கள். அமெரிக்கக் கையெழுத்துப் பொருள்களை ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டார்கள். சரக்கு கடல் தாண்டிப் போய்விடும், இங்கே யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நம்பிப் போலிக்காரர்கள் வாயைத் திறந்துவிட்டார்கள்! கடைசிக் கணக்கு? 18 கும்பல்கள் காலி! 63 பேருக்குத் தண்டனை! சந்தையில் இறங்கிய போலிச் சரக்கின் மதிப்பு 10 கோடி டாலர் வரை!

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. அந்தப் போலிகளோடு ‘இது அசல்’ என்ற சான்றிதழும் கூடவே வந்தது!

உங்கள் அலமாரியில் இருப்பது எது?

சரி, உங்களிடம் ஒரு பந்து இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் மாமா கொடுத்தது. அதில் ஒரு பெரிய பெயர். விற்கலாம் என்று ஆசை. விற்கும் முன் சோதனைக்கு அனுப்பிச் சான்று வாங்கலாமா, வேண்டாமா?

முதலில் ஒரு குண்டு! அதிகம் தேடப்படும் நட்சத்திரங்களின் கையெழுத்தில் பாதிக்கு மேல் போலி என்பது எஃப்.பி.ஐ. எடுத்துச் சொன்ன மதிப்பீடு. பாதிக்கு மேல்! வாங்குபவருக்கும் இது தெரியும். அதனால்தான் பேஸ்பால் ஜாம்பவான் பேப் ரூத் கையெழுத்திட்ட, ஆனால் சான்று இல்லாத பந்தைக் காட்டினால் ‘அசலா இருக்கலாம்’ என்ற விலையைத் தர மாட்டார். ‘போலியா இருக்கலாம்’ என்ற விலையைத்தான் தருவார்!

சான்றுக்கு எவ்வளவு ஆகும் தெரியுமா? கையெழுத்துப் போட்டவரைப் பொறுத்துக் கட்டணம் மாறும்! பந்து அதேதான், மை அதேதான், பார்க்கும் கண்ணும் அதேதான். ஆனால் சாதாரண வீரர் என்றால் சில பத்து டாலர். பேப் ரூத் என்றால் சில நூறு டாலர்! பெயர் பெரிதானால் போலியும் பெருகும், சோதனைப் பொறுப்பும் கூடும்.

இப்போது கணக்கைப் போடுங்கள். 40 டாலர்தான் பெறும் ஒரு கையெழுத்துக்கு 30 டாலர் கட்டணம், போகவும் வரவும் தபால், மேலே காப்பீடு! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! அதை அப்படியே, உள்ளதை உள்ளபடி சொல்லி விற்றுவிடுவதே புத்திசாலித்தனம். ஆயிரம் டாலர் தேறும் பெயர் என்றால் கதையே வேறு. சான்று இல்லாமல் விற்பவர் பாதி விலையைத் தெருவில் போட்டுவிட்டுப் போகிறார் என்றுதான் சொல்வேன்!

இன்னொன்று! சோதனையில் தோற்றாலும் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. தோற்ற பிறகு ‘அசல்’ என்று சொல்லி விற்றால் அது தெரிந்தே செய்யும் மோசடி!

அதனால் ஒரு ரகசிய வாசல் இருக்கிறது தெரியுமா? ‘குயிக் ஒப்பீனியன்’! ஜேம்ஸ் ஸ்பென்ஸ் போன்ற சான்று நிறுவனங்களுக்குப் புகைப்படம் மட்டும் அனுப்பினால், ஏறக்குறைய 10 டாலருக்கு ‘தேறலாம்’, ‘தேறாது’ என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். அது சான்றிதழ் இல்லை. ஆனால் நூறு டாலரைச் செலவழிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க அது தாராளமாகப் போதும்!

காசில்லாத சோதனை! உங்கள் வீட்டிலேயே!

லூ கெரிக் தெரியுமா? நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் இரும்பு மனிதர். இறந்தது 1941 ஜூன் 2. பால்பாயிண்ட் பேனா அமெரிக்கக் கடைக்கு வந்தது எப்போது தெரியுமா? 1945 அக்டோபர் 29! நியூயார்க்கின் கிம்பெல்ஸ் கடையில், ஒரு பேனா 12.50 டாலர்! அப்படியானால் பால்பாயிண்டில் எழுதிய கெரிக் கையெழுத்து? செத்துப்போனவர் எழுந்து வந்து போட்டால்தான் உண்டு!

அடுத்து ஷார்ப்பி மார்க்கர். சந்தைக்கு வந்தது 1964-இல். பேப் ரூத் இறந்தது 1948-இல். ரூத் கையெழுத்து ஷார்ப்பியில் இருந்தால்? சோதனைக்கு அனுப்பவே வேண்டாம்!

பந்தே காட்டிக்கொடுக்கும் தெரியுமா? பழைய அதிகாரபூர்வ பேஸ்பால் பந்துகளில், பந்து எந்த லீகுக்கானதோ அந்த லீகின் தலைவர் பெயர் அச்சாகியிருக்கும். வில் ஹாரிட்ஜ் என்றால் 1931 முதல் 1959 வரை. ஜோ க்ரோனின் என்றால் 1959 முதல் 1973 வரை. பாபி பிரவுன் என்றால் 1984 முதல் 1994 வரை. பாபி பிரவுன் பெயர் அச்சான பந்தில் பேப் ரூத் கையெழுத்திட்டிருந்தால், ரூத் இறந்து 36 வருடமாவது கழிந்த பிறகு போட்டிருக்க வேண்டும்! இப்படியும் பந்துகள் தலைகாட்டியிருக்கின்றன! போலிக்காரர் பேனாவைப் பழக்கினார், பந்தைப் படிக்க மறந்துவிட்டார்!

இந்த பாபி பிரவுன் யார் என்று நினைக்கிறீர்கள்? யாங்கீஸ் அணியோடு நான்கு உலகத் தொடர்களை வென்ற வீரர். பிறகு இதய மருத்துவர்! அதற்கும் பிறகுதான் லீக் தலைவர்! ஒரே ஆளுக்கு மூன்று வாழ்க்கை!

புற ஊதா டார்ச் வைத்திருக்கிறீர்களா? இருட்டறையில் பழைய படத்தின் மீது அடியுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் காகிதத்தை வெண்மையாக்கும் ஒளிர் ரசாயனம் பரவலானது. 1930-இல் எடுத்ததாகச் சொல்லும் படம் நீல வெள்ளையாகப் பளீரென்று மின்னினால்? வயதில் பொய் சொல்கிறது!

பூதக்கண்ணாடியில் கையெழுத்து குட்டிக் குட்டிப் புள்ளிகளாகத் தெரிகிறதா? அது மையே இல்லை, அச்சு! அணி முழுவதும் கையெழுத்திட்டதுபோல் அச்சடித்த நினைவு மட்டைகள் எத்தனையோ வீடுகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கின்றன!

இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதா? ஐயையோ!

இது பலரையும் தலைகீழாகப் புரட்டிப் போடும் விஷயம். வீரரின் இன்னொரு கையெழுத்தோடு உங்களுடையது மயிரிழைகூட மாறாமல் பொருந்துகிறது. சந்தோஷப்படுவீர்கள், இல்லையா? படாதீர்கள்! மனிதக் கை இரண்டு முறை ஒரே மாதிரி எழுதாது! அச்சு அசலாகப் பொருந்தினால் ஒன்று, மேலே வைத்து வரைந்து எடுத்தது. இல்லையென்றால் ‘ஆட்டோபென்’ என்ற கையெழுத்து எந்திரம் போட்டது! எந்திரத்தின் கோட்டில் அழுத்தம் எங்கும் ஒரே சீராக இருக்கும். மனிதர் எழுதும்போது தொடக்கத்தில் ஒரு வேகம், முடிவில் ஒரு வீச்சு!

பேப் ரூத் தன் பெயரில் ‘பேப்’ என்பதை மேற்கோள் குறிக்குள் எழுதுவார் தெரியுமா? இளமையில் அப்படித்தான்! 1920-களின் பிற்பகுதியில் அந்தக் குறிகளை விட்டுவிட்டார். பந்தின் வருடமும் குறியும் ஒத்துப்போகிறதா என்று நிபுணர்கள் பார்ப்பார்கள்!

முகமது அலி? 1964 வரை அவர் காசியஸ் க்ளே. பின்னாளில் பார்க்கின்சன் நோய் வந்து கை நடுங்கியபோது கையெழுத்தும் சுருங்கியது. கடைசிக் காலத்துப் படத்தில் இளமைக் காலத்துக் கம்பீரக் கையெழுத்து இருந்தால் நிபுணர் புருவத்தை உயர்த்துவார்!

பழைய காலத்தில் பந்து கையெழுத்தாகி வந்தாலும் அது வீரர் போட்டதாக இருக்க வேண்டிய அவசியமில்லை! அணியின் உடைமாற்றும் அறையில் வேலை செய்த பையன்கள் நட்சத்திரங்களின் பெயரைத் தாங்களே எழுதிக் கொடுத்த கதைகள் ஏராளம். ரசிகருக்கும் தெரியாது, சில சமயம் வீரருக்கும் தெரியாது! அப்படி வந்த பந்து உண்மையிலேயே 1940-களைச் சேர்ந்தது. உண்மையிலேயே மைதானத்தில் வாங்கியது. தாத்தா சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனாலும் கையெழுத்து மட்டும் அசல் இல்லை! குடும்பக் கதையை நிபுணர்கள் ஏன் கேட்டுக்கொண்டு மட்டும் விட்டுவிடுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா?

மனைவி போட்ட கையெழுத்து!

‘ஷூலெஸ்’ ஜோ ஜாக்சனின் கதைக்கு ஈடே இல்லை! பேஸ்பாலில் பிறந்த மாமேதைகளில் ஒருவர். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவர்! ரசிகர்கள் கேட்டால் என்ன செய்வார்? மனைவி கேட்டி போட்டுக் கொடுப்பார்! ஆக, ஜோ ஜாக்சன் வீட்டிலிருந்தே வந்த பல கையெழுத்துகள் ஜோ ஜாக்சன் போட்டவை இல்லை!

அவரே கைப்பட, எழுத்து எழுத்தாக வரைந்ததுபோல் போட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1911-இல் எடுத்த ஒரு படத்தில் அப்படி ஒரு கையெழுத்து. அதை பி.எஸ்.ஏ. என்ற சான்று நிறுவனம் அசல் என்று ஏற்றது. 2021 அக்டோபரில் ஏலம் போனது எவ்வளவுக்குத் தெரியுமா? 14 லட்சத்து 70 ஆயிரம் டாலர்! அன்றைய கணக்கில் சுமார் 11 கோடி ரூபாய்! எழுதத் தெரியாதவரின் எழுத்துக்கு!

1919 சூதாட்ட விவகாரத்தில் வாழ்நாள் தடை வாங்கிய அந்த ஜாக்சனை, இறந்து 70 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து 2025 மே மாதத்தில் பேஸ்பால் நிர்வாகம் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது என்பது தனிக் கதை!

எந்த இடத்தில் போட்டார் என்பதற்கும் விலை!

பேஸ்பால் பந்தில் இரண்டு தையல்கள் நெருங்கி வரும் குறுகிய இடம் இருக்கிறது. ‘ஸ்வீட் ஸ்பாட்’ என்பார்கள். ஒரே ஒரு கையெழுத்து, அதுவும் அந்த இடத்தில், அதுவும் நீல பால்பாயிண்டில்! சேகரிப்பாளரின் நாக்கில் எச்சில் ஊறும்! ஸ்வீட் ஸ்பாட்டில் கையெழுத்திட்ட ஒரு பேப் ரூத் பந்து, பத்துக்கு ஒன்பது தரம் வாங்கியது, 2012-இல் 3,88,375 டாலருக்குப் போனது!

பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோவும் நடிகை மர்லின் மன்றோவும் சேர்ந்து கையெழுத்திட்ட பந்து உலகில் இருக்கிறது தெரியுமா? 1954-இல் நடந்த அவர்கள் திருமணம் ஒன்பது மாதங்களில் முறிந்தது. பந்துக்கு 2006-இல் கிடைத்த விலை 1,91,200 டாலர்!

1939 ஜூன் 12, கூப்பர்ஸ்டவுனில் பேஸ்பால் புகழரங்கம் திறந்த நாள். அங்கே வந்திருந்த 11 மேதைகளும் ஒரே பந்தில் கையெழுத்திட்டார்கள்! ரூத், டை காப், சை யங், ஹோனஸ் வாக்னர்… அன்று அங்கே ஆடிய இன்னொரு வீரரின் குடும்பத்தில் அந்தப் பந்து பத்திரமாக இருந்தது. 2018-இல் 6,23,369 டாலர்!

‘அன்புள்ள ரவிக்கு’ என்று பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறாரா? விலை பெரும்பாலும் குறையும். ரவி அல்லாதவர் எதற்கு வாங்க வேண்டும்? ஆனால் ஒரு விநோதம்! போலிக்காரர் யாருக்கும் விற்கும்படிதான் போடுவார், ரவிக்காக மெனக்கெட மாட்டார். அந்த ‘ரவி’யே அசலுக்கு ஒரு சின்னச் சாட்சி!

மங்கிய கையெழுத்தின் மேல் நீங்கள் பேனாவை ஓட்டிவிடாதீர்கள்! ஓட்டினால் அது உங்கள் கையெழுத்து!

சான்று ஏற்கெனவே ஒட்டியிருக்கிறதா?

அப்படியானால் இன்னொரு முறை செலவழிக்காதீர்கள்! கூடைப்பந்து நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டன் 1992 முதல் அப்பர் டெக் நிறுவனத்துக்காகவே கையெழுத்திட்டு வருகிறார். ஆள் முன்னால் இருக்க, கண்ணெதிரே போடுவது, எண் போட்ட ஹாலோகிராம் ஸ்டிக்கர் உடனே ஒட்டுவது. அந்த எண் நிறுவனத்தின் பதிவோடு பொருந்தினால் வேலை முடிந்தது!

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் 2001-இல் தனக்கென ஒரு சான்றுத் திட்டம் தொடங்கியது. தூண்டியது எது? அதே ஆபரேஷன் புல்பென்! ஒவ்வோர் ஆட்டத்திலும் ஸ்டிக்கர் ஒட்டுபவர் யார் தெரியுமா? போலீஸ்காரர்! பணியில் உள்ளவரோ, ஓய்வு பெற்றவரோ! விதி ஒன்றே ஒன்று: கண்ணால் பார்க்காததற்கு ஸ்டிக்கர் கிடையாது! உடைந்த மட்டைக்கு ஸ்டிக்கர், தளத்துக்கு ஸ்டிக்கர், மைதானத்து மண்ணுக்குக்கூட ஸ்டிக்கர்! ஆனால் மாமா கொடுத்த பழைய பந்தை நீட்டினால் கையைக் கட்டிக்கொள்வார்கள். அதற்கு பி.எஸ்.ஏ., ஜேம்ஸ் ஸ்பென்ஸ், பெக்கெட் போன்ற, பார்த்துக் கருத்துச் சொல்லும் நிறுவனங்கள்தான் கதி.

பெரிய ஏல நிறுவனத்திடம் ஒப்படைக்கப் போகிறீர்களா? நீங்கள் முந்திக்கொண்டு சான்று வாங்காதீர்கள்! முதலில் அவர்களிடம் கேளுங்கள். பல நிறுவனங்கள் தாங்களே சோதனைக்கு அனுப்பிக்கொள்ளும்!

மைக்குள் டி.என்.ஏ.!

அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பௌல் இறுதியாட்டப் பந்துகளில் 2000-ஆம் ஆண்டு முதல் செயற்கை டி.என்.ஏ. கலந்த மை தடவுகிறார்கள் தெரியுமா? கண்ணுக்குத் தெரியாது! குறிப்பிட்ட லேசர் ஒளியில் மட்டும் பச்சையாக மின்னும்! அந்த டி.என்.ஏ. வரிசையை இன்னொருவர் அப்படியே செய்துவிடும் வாய்ப்பு 33 லட்சம் கோடியில் ஒன்று என்று அந்த மையைத் தடவும் நிறுவனம் மார்தட்டுகிறது!

அதே 2000-இல் சிட்னி ஒலிம்பிக்ஸ். அதிகாரபூர்வப் பொருள்களின் லேபிள் மையில் இருந்தது செயற்கை டி.என்.ஏ. இல்லை, ஓர் ஆஸ்திரேலிய வீரரின் நிஜ டி.என்.ஏ.! நம்ப முடிகிறதா?

1998-இல் பேஸ்பால் வீரர் மார்க் மெக்வயர் ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) சாதனையைத் துரத்தியபோது அவருக்கு வீசிய பந்துகளில் ரகசியக் குறி போட்டார்கள். இல்லாவிட்டால் அரங்கில் இருந்த ஆயிரம் பேரும் ஆளுக்கொரு பந்தோடு வந்து நின்றிருப்பார்களே! 70-ஆவது ஹோம் ரன் பந்தை 30 லட்சம் டாலருக்கு வாங்கியவர் ‘ஸ்பான்’ காமிக்ஸை உருவாக்கிய டாட் மெக்ஃபர்லேன்!

சான்றிதழுக்கே சான்று யார் தருவார்?

இப்போது கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன், கோபிக்காதீர்கள். ஹோனஸ் வாக்னரின் படம் போட்ட டி206 அட்டை என்றால் சேகரிப்பாளர் உலகில் கோகினூர். பி.எஸ்.ஏ. நிறுவனம் 1991-இல் தரம் பார்த்த முதல் அட்டையே அதுதான்! பத்துக்கு எட்டு! ஐஸ் ஹாக்கி மன்னன் வெய்ன் கிரெட்ஸ்கி ஒரு கூட்டாளியோடு சேர்ந்து 4,51,000 டாலருக்கு வாங்கியது. 2007-இல் 28 லட்சம் டாலர்!

2013-இல் என்ன நடந்தது தெரியுமா? முதலில் அதை விற்ற ஏலக்காரர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்: அட்டையின் ஓரங்களை நறுக்கியது நான்தான்! நறுக்கிய அட்டைக்கு அந்தத் தரமே தரக் கூடாது என்பது பி.எஸ்.ஏ.வின் விதி! உலகின் மிகப் பிரபலமான சான்று, முதல் நாளிலிருந்தே ஓரம் வெட்டப்பட்டது!

இன்னும் கேளுங்கள்! 2025 ஜூலையில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஒரு வியாபாரி சமூக ஊடகத்தில் தானே எழுதினார்: 40 லட்சத்துக்கும் மேல் பொருள்கள், 35 கோடி டாலருக்கும் மேல் விற்பனை, எல்லாம் போலிச் சரக்கு! கையெழுத்தை மட்டும் நகல் எடுக்கவில்லை, ஹாலோகிராம் ஸ்டிக்கரையே நகல் எடுத்தார்! அந்த எண்ணிக்கை நம்பக்கூடியதா என்று துறையிலேயே பலர் சந்தேகப்பட்டார்கள். எனக்கும் சந்தேகம்தான். ஆனால் ஸ்டிக்கர் மின்னுகிறது என்பதற்காக நம்பும் காலம் மலையேறிவிட்டது என்பதில் சந்தேகமே இல்லை! ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள். அதன் எண்ணைப் பதிவில் தட்டி, அங்கே வரும் பொருளும் உங்கள் கையில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள்!

விற்றவரே அச்சடித்துத் தரும் ‘அசல்’ சான்றிதழ்? எடைக்குப் போடலாம்!

கலிஃபோர்னியாவில் இதற்குச் சட்டமே வந்தது. விளையாட்டுக் கையெழுத்துகளுக்கு இருந்த விதியை 2017 ஜனவரி 1 முதல் எல்லாக் கையெழுத்துகளுக்கும் நீட்டினார்கள். 5 டாலருக்கு மேல் விற்கும் வியாபாரி சான்று தர வேண்டும் என்றார்கள்! பின்னணியில் குரல் கொடுத்தவர் ‘ஸ்டார் வார்ஸ்’ நடிகர் மார்க் ஹாமில்! தன் பெயரில் அவ்வளவு போலி! ஆனால் எழுத்தாளர்களை அழைத்துக் கையெழுத்துடன் நூல் விற்கும் புத்தகக் கடைகள் அலறின, ஒரு கடை வழக்கே போட்டது. அதே ஆண்டில் சட்டத்தைத் தளர்த்தி வரம்பை 50 டாலராக உயர்த்தினார்கள்!

ஒரே ஜெர்சி! 9 லட்சமா, 2 கோடியே 41 லட்சமா?

கையெழுத்தை விட்டுக் கொஞ்சம் துணிப் பக்கம் வாருங்கள், ஏனென்றால் சான்று விலையை எப்படி எகிறவைக்கும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு இல்லை! 1932 அக்டோபர் 1, சிகாகோ. பேப் ரூத் ‘அங்கே அடிக்கிறேன்’ என்பதுபோல் கை காட்டிவிட்டு அடித்ததாகச் சொல்லும் ஹோம் ரன். அன்று அவர் போட்டிருந்த ஜெர்சி 2005-இல் 9,40,000 டாலருக்குப் போனது. பிறகு பழைய புகைப்படங்களை எடுத்து வைத்து, துணியில் எழுத்து எங்கே விழுகிறது, தையலும் மடிப்பும் எப்படி ஓடுகின்றன என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார்கள். அதே ஜெர்சிதான்! 2024 ஆகஸ்ட் ஏலத்தில் எவ்வளவு தெரியுமா? 2 கோடியே 41 லட்சம் டாலர்! ஏறக்குறைய 200 கோடி ரூபாய்! இடையில் 19 ஆண்டுகள் ஓடின, சந்தையும் சூடேறியது, உண்மைதான். ஆனாலும் அந்தப் புகைப்படப் பொருத்தம் இல்லாமல் இவ்வளவு பெரிய தொகையை எவர் எழுதுவார்?

கால்பந்து வீரர் மரடோனா ‘கடவுளின் கை’ கோல் அடித்த ஜெர்சிக்கும் இதே கதை! இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜ் ஆட்டம் முடிந்ததும் மாற்றிக்கொண்டது. 2022-இல் ஏலத்துக்கு வந்ததும் மரடோனாவின் மகள் குறுக்கே வந்தார்: அது முதல் பாதியில் போட்டது, கோல் அடித்தபோது போட்டது வேறு! விடுமா சதபீஸ் ஏல நிறுவனம்? புகைப்படப் பொருத்தம் செய்து காட்டியது. விலை? 71 லட்சத்து 42 ஆயிரத்துச் சொச்சம் பவுண்டு!

நம்ம கிரிக்கெட்? 2011 உலகக் கோப்பை இறுதியில் தோனி சிக்ஸர் அடித்து முடித்தாரே, அந்த மட்டை அதே ஆண்டு ஜூலையில் லண்டனில் 1 லட்சம் பவுண்டுக்குப் போனது! அவரே தந்த மட்டை, அறக்கட்டளைக்கான ஏலம். யார் கையிலிருந்து வந்தது என்பதில் இடைவெளியே இல்லை! ஷேன் வார்னின் பச்சைத் தொப்பி 2020 ஜனவரியில் காட்டுத் தீ நிவாரணத்துக்காக 10,07,500 ஆஸ்திரேலிய டாலர்! வீரர் கையிலிருந்து நேரே வருவதைவிடப் பெரிய சான்று எது?

கையெழுத்தே இல்லாத பந்துதான் அபூர்வமாம்!

பாப் ஃபெல்லர் என்று ஒரு பந்துவீச்சாளர். கேட்டவர்களுக்கெல்லாம் போட்டுக் கொடுத்தார், பல பத்தாண்டுகள்! ஃபெல்லர் கையெழுத்திடாத பந்துதான் அபூர்வம் என்று சேகரிப்பாளர்கள் கிண்டலடிப்பார்கள். இப்படிப்பட்ட பெயருக்குப் போலி செய்ய ஆளே வரமாட்டார். சான்றுக்கு நீங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்?

பீட் ரோஸ் இன்னும் மேலே போனார்! பேஸ்பாலில் பந்தயம் கட்டியதற்காகத் தடை வாங்கியவர், ‘பேஸ்பாலில் பந்தயம் கட்டியதற்கு வருந்துகிறேன்’ என்று பந்திலேயே எழுதிக் கையெழுத்திட்டார்! மன்னிப்பையும் விற்றார்!

மறுபக்கம், மிக உயரத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? ஜோர்டனும் கோபி பிரையண்டும் இருவரும் கையெழுத்திட்ட ஒரே ஓர் அட்டை 2025 ஆகஸ்டில் 1 கோடியே 29 லட்சம் டாலரைத் தொட்டது! நூறு கோடி ரூபாயைத் தாண்டிய ஒரு துண்டு அட்டை!

விற்று லாபம் வந்தால் அமெரிக்காவில் வரி எவ்வளவு தெரியுமா? ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குக்கு உச்ச விகிதம் 20%. சேகரிப்புப் பொருள்களுக்கு 28%! சான்றுக் கட்டணத்தைக் கணக்குப் போடும்போது மாமாவிடம் இதையும் சொல்லி வையுங்கள்!

இத்தனைக்கும் பிறகு, எல்லாம் நூறு சதவீதம் அசலாகவே இருந்தும் கவிழ்ந்த ஒரு பந்து உண்டு! அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் டாம் பிரேடி தன் வாழ்க்கையின் ‘கடைசி’ டச்டவுனுக்கு வீசிய பந்து. அவர்தான் ஓய்வு அறிவித்துவிட்டாரே! 2022 மார்ச் 12, ஏலத்தில் 5,18,628 டாலர்! மறுநாள் மார்ச் 13. ஓய்வெல்லாம் இல்லை, மறுபடியும் ஆடப்போகிறேன் என்று பிரேடி அறிவித்தார்! பந்து அசல், ‘கடைசி’ மட்டும் போலியாகிவிட்டது! அரை மில்லியன் டாலர் விற்பனையையே ரத்து செய்துவிட்டார்கள்!